முகப்பு சீட், அடுப்படி சீட்

(காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. ரயில், விமான டிக்கெட்டும் போட்டுத் தருவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் குமார். எதிரே ஸ்டூலில் கானாடுகாத்தான் மீனாட்சி ஆச்சி. மடியில் மஞ்சள் பை, பைக்குள் கணக்கு நோட்டு. ஆச்சி வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல்.)

குமார்: மதுரையிலிருந்து மும்பைக்கு ஆளுக்கு 5,200. ரெண்டு பேருக்கு 10,400. போட்டுவிடலாமா ஆச்சி?

ஆச்சி: பொறு தம்பி. அந்த 5,200-க்குள் என்னென்ன இருக்கிறது? பிரித்துச் சொல்லு.

குமார்: அடிப்படைக் கட்டணம், விமான நிலையத்துக்குப் போகிற பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், அப்புறம் 5 சதவீதம் ஜிஎஸ்டி.

ஆச்சி: அசல் தனி, பத்திரச் செலவு தனி. ஒழுங்கான ஆள்தான்.

(இந்த இடத்தில் எல்லோரும் திட்டித்தான் குமாருக்குப் பழக்கம். ஆச்சி நோட்டில் குறித்துக்கொள்கிறார்.)

குமார்: அடுத்தது பெட்டி. கீழே போடுகிறது ஆளுக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ.

ஆச்சி: ரெண்டு பேருக்கும் சேர்த்து 44. அதிரசம், மாவுருண்டை, சீப்புச்சீடை, தேன்குழல் எல்லாம் தராசில் வைத்துப் பார்த்தேன். 38 வருகிறது.

குமார்: மும்பையில் இல்லாத தேன்குழலா ஆச்சி?

ஆச்சி: கிடைக்கும். ஆனால் கடையில் வாங்கியது என்று சம்பந்தி வாயில் போட்ட உடனே கண்டுபிடித்துவிடுவார். பிள்ளையார் நோன்புக்குப் போகிறோம், வெறுங்கையோடா போவது? பொரி மூட்டையும் இருக்கிறது. நல்லவேளை, அதற்கு எடை இல்லை.

குமார்: எடை இல்லாவிட்டாலும் அளவு பார்ப்பார்கள் ஆச்சி. பெட்டி தாண்டிவிட்டால் கூடுதல் கிலோவை இப்போதே வாங்கிவிடுங்கள். ஏர்போர்ட் கவுன்டரில் போய் நின்றால் கிலோவுக்கு இதைவிட அதிகம்.

ஆச்சி: அவசரத்துக்கு வந்து நிற்கிறவனிடம் வட்டி கூட. எங்கள் மாமனார் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். இந்த விமானக்காரன் நம்ம பக்கத்து ஆளா என்று விசாரி.

குமார்: (சிரித்து) கூடுதல் கிலோ வேண்டுமா, வேண்டாமா?

ஆச்சி: வேண்டாம். மிச்சம் 6 கிலோ இருக்கிறதே, துணிக்குப் போதும். எங்கள் வீட்டுக்காரர் செட்டியாருக்கு ரெண்டு வேட்டி எதேஷ்டம். அந்தக் காலத்தில் கப்பலில் பர்மாத் தேக்கையே கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது இவன் இருந்து கிலோவுக்குக் கணக்குப் போட்டிருந்தால், நம்ம ஊரில் ஒரு வீட்டிலும் தூண் நின்றிருக்காது.

குமார்: சாப்பாடு?

ஆச்சி: கட்டுச்சோறு.

குமார்: இன்சூரன்ஸ் கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்தப் போனால், 'பரவாயில்லை, நான் துணிந்து போகிறேன்' என்று எழுதி வைத்திருக்கிறான்.

ஆச்சி: கடன் கேட்க வந்தவனை நாங்கள் கூட இப்படி மிரட்டியது இல்லை. துணிந்து போகிறேன் என்றே அழுத்து. குன்றக்குடி முருகன் பார்த்துக்கொள்வான்.

குமார்: நல்லவேளை, கழிப்பறைக்கு மட்டும் இன்னும் காசு கேட்கவில்லை. அயர்லாந்தில் ரையன்ஏர் என்று ஒரு கம்பெனி. அதன் தலைவர் 2009-இல் அதற்கும் காசு வாங்கலாமா என்று பேசிப் பார்த்தார். கடைசிவரை நடக்கவில்லை.

ஆச்சி: பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் காப்பாற்றினார். எங்கள் செட்டியாருக்குச் சர்க்கரை. மும்பை போய் இறங்குவதற்குள் வீட்டை எழுதிக் கொடுத்திருப்போம்.

குமார்: இப்போது சீட். பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்றால் ஒரு சீட்டுக்கு 350, ரெண்டுக்கு 700. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அப்பா அம்மா ஒருவர் பக்கத்திலாவது உட்காரவைக்க வேண்டும் என்று 2024-இல் உத்தரவு போட்டார்கள். ஐயாவுக்கு அது பொருந்தாது.

ஆச்சி: 78 வயதில் அவரும் பிள்ளைதான். ஆனால் அந்த உத்தரவு எனக்கு வேண்டாம். ரெண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்தால் எவ்வளவு?

குமார்: அதற்குக் காசு இல்லை. அவனே ஏதாவது ஒரு சீட் போட்டுக் கொடுப்பான்.

ஆச்சி: காசு இல்லையா! தம்பி, 52 வருஷமாக அந்தக் குறட்டையைப் பக்கத்தில் படுத்துக் கேட்கிறேன். தள்ளி உட்காரத்தானே அவன் காசு வாங்க வேண்டும்? இந்த ஒரு இடத்தில் கணக்குத் தெரியாமல் போய்விட்டானே.

குமார்: ஆனால் ஒன்று ஆச்சி. அவனாகப் போட்டால் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. பக்கத்திலேயே விழுந்தாலும் விழும்.

ஆச்சி: (பதறி) அதைத் தடுக்க எவ்வளவு?

குமார்: உங்கள் சீட்டை மட்டும் பிடித்துவிடலாம். முதல் வரிசை என்றால் 700, கால் நீட்டலாம். ஐயாவுக்குக் கடைசியில் 150-க்கு ஒன்று இருக்கிறது.

ஆச்சி: அப்படியே போடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முகப்பில் சாய்ந்திருக்கிறார், நான் மூன்றாங்கட்டில் அடுப்படியில் நிற்கிறேன். ரெண்டு மணி நேரம் நானும் முகப்பில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

குமார்: சரி, போட்டாச்சு. மொத்தம் 11,250. அதோடு வசதிக் கட்டணம் ஆளுக்கு 350. ஆக 11,950.

ஆச்சி: வசதிக் கட்டணமா? யாருக்கு வசதி?

குமார்: நமக்குத்தான். ஆன்லைனில் பணம் கட்டுகிறோமே, அந்த வசதிக்கு.

ஆச்சி: பணத்தைக் கொடுப்பதற்கே பணமா?

குமார்: ஆமாம் ஆச்சி.

(ஆச்சி பேனாவை மூடி வைக்கிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.)

ஆச்சி: மூன்று தலைமுறை தம்பி. பர்மா, மலாயா, சிலோன் எல்லா இடத்திலும் கடை. வட்டி கட்ட வருகிறவனிடம், வாசல்படி ஏறி வந்து கட்டுகிறாயே, அந்த வசதிக்கு ஒரு ரெண்டணா வை என்று கேட்க எங்களில் ஒருத்தருக்குக் கூடத் தோன்றவில்லையே!

(பைக்குள் செல்போன் அடிக்கிறது. எடுத்து, தெருவுக்கே கேட்கும்படி)

ஆச்சி: ஆமாம், போட்டாச்சு!... பக்கத்துச் சீட்தான் கேட்டேன், இல்லையாம்! விமானம் நிரம்பி வழிகிறதாம்!... பின்னாடிதான் காற்றோட்டமாம், தம்பியே சொல்கிறது!

(குமார் திரையைப் பார்க்கிறார். பாதி விமானம் காலி. ஆச்சி போனை வைத்துவிட்டு 12,000 ரூபாயை எண்ணிக் கொடுக்கிறார். அதற்கு மேல் தனியாக ஒரு நூறு ரூபாய், ஒரு பொட்டலம் சீப்புச்சீடை.)

குமார்: என் சர்வீஸ் சார்ஜ் ஐம்பதுதான் ஆச்சி. அது 12,000-த்திலேயே வந்துவிட்டது. இந்த நூறு எதற்கு?

ஆச்சி: நாளைக்குச் செட்டியார் இந்தப் பக்கம் வருவார், நீ வாயைத் திறக்கக் கூடாது. அது தனிக் கட்டணம்.