கேட்பதும் குற்றமா, சேர்?

சேர் போட்ட பதிவை நானும் வாசித்தேன். வாசிக்காமல் தப்பவும் முடியவில்லை, நேற்றிலிருந்து ஆளுக்கு ஆள் ஸ்கிரீன்ஷொட் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "வட்ஸ்அப்பில் டொக்டராகிவிட்ட கான்சர் அக்காமார்" என்று எங்களுக்குப் பட்டம் தந்திருக்கிறார். புற்றுநோய் வந்த நாங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவரை ஒருவர் கேட்பதும் சொல்வதும் பிழையாம். பக்கத்தில் சிரிப்பு இமோஜி. பெயர் போடவில்லையாம், நாகரிகமாம். யாரைச் சொல்கிறார் என்று கல்லடிப் பாலத்து மீனுக்கும் தெரியும்.

எல்லாம் அந்தக் காய்ச்சல் விஷயத்தால் வந்தது. கீமோ, அதுதான் புற்றுநோய் மருந்து, ஏற்றிய ஒரு பிள்ளை காய்ச்சல் என்று எங்கள் குழுவில் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் மருந்து ஏதும் சொல்லவில்லை. "பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்காதே, கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு இப்பவே வார்டுக்குப் போ" என்றோம், அவ்வளவுதான். கீமோ ஏற்றி ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அந்த நேரத்தில் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது. கிருமி இரத்தத்தில் ஏறினால் சில மணித்தியாலங்களில் ஆள் கையைவிட்டுப் போய்விடலாம். பனடோல் சூட்டை இறக்கிக் காட்டும், கிருமியை ஒன்றும் செய்யாது. இது நாங்கள் கண்டுபிடித்த விஷயமா? வார்டில் எங்களுக்குச் சொல்லித் தந்தது. அந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தான் இருப்பார்கள். முதல் ஊசி ஏற்றிய அன்று காதில் விழுந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? வீட்டில் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்து "களைப்புத்தான், படு" என்றிருக்கிறார்கள்.

டொக்டரிடம் போ என்று சொல்வது டொக்டர் வேலையா, சேர்? நாங்கள் கேட்கிறோம். தெரிந்தவள் சொல்கிறாள். இதில் வைத்தியம் எங்கே வந்தது?

எனக்கு முதல் கீமோ ஏற்றிய நாளைச் சொல்கிறேன். சிவப்பு மருந்து, டொக்சோரூபிசின். வீட்டுக்கு வந்து டொய்லெட்டுக்குப் போனால் சிறுநீர் சிவப்பு. கிட்னி போய்விட்டது, இரத்தம் போகிறது, சரி, முடிந்தது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, பாவம் அந்த மனுசன் ஏற்கனவே பாதியாகிவிட்டார். காத்தான்குடி ராத்தா ஒருவரின் நம்பர் கிளினிக் வாங்கில் வைத்து வாங்கியிருந்தேன். எடுத்துச் சொன்னதும் அவ சிரித்துவிட்டா. "அது மருந்திர நிறம்கா. ஒண்டு ரெண்டு நாளையில போயிடும். நல்லாத் தண்ணியக் குடி, மறுகா கதைப்பம்." எனக்கு உயிர் வந்தது. அந்த ஒரு ஃபோனில்தான் எங்கள் குழு தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அதையெல்லாம் டொக்டரிடமே கேட்கலாமே" என்று கொமெண்டில் ஒருவர். கேட்கலாம் தம்பி, தாராளமாக. எங்கள் டொக்டர் தங்கமான மனுசன், ஆனால் கதவுக்கு வெளியே வாகரையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் விடியக்காலை பஸ் பிடித்து வந்த சனம் நிற்கிறது. மார்பை எடுத்த இடத்தில் சட்டைக்குள் எதை வைத்துத் தைத்தால் கோணலாகத் தெரியாது என்று, மாணவப் பெடியன்கள் சுற்றி நிற்க, அவரிடம் கேட்கச் சொல்கிறீர்களா? கொழும்புப் பக்கம் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குத் துண்டு தந்தால் எந்த இரவு பஸ்ஸில் போவது, கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடிக்கும் வாரங்களில் கூட வந்த ஆள் எங்கே தங்குவது, வாய் புண்ணாகிச் சோறு இறங்காத நாளில் எதைக் கரைத்துக் குடித்தாய்? இதெல்லாம் எந்த ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது? கட்டிலில் கிடந்து எழும்பியவளுக்குத்தான் தெரியும். அவளிடம் கேட்கிறோம். கேட்பதுதான் குற்றமாம்.

பிழையான தகவல் பரவும் என்று சேர் எழுதியிருப்பதை மட்டும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பரவுகிறதுதான். ஆனால் யார் பரப்புகிறார்கள் என்று பாருங்கள். "புற்றுநோய் நோயே அல்ல, விட்டமின் பி17 குறைபாடு" என்ற அந்தப் பழைய ஃபோர்வேர்ட் ஞாபகம் இருக்கிறதா? பி17 என்று ஒரு விட்டமினே கிடையாது. அப்ரிகொட் கொட்டையில் இருக்கிற அமிக்டலினுக்கு வைத்த வியாபாரப் பெயர் அது, உடம்புக்குள் போனால் சயனைட் ஆகிறது. அமெரிக்காவில் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்து, பலனில்லை, சிலருக்குச் சயனைட் நஞ்சின் அறிகுறி வந்தது என்று 1982இலேயே எழுதி முடித்துவிட்டார்கள். அதைப் போன வருடம் "அனைவருக்கும் பகிருங்கள்" என்று போட்டது எந்தக் கான்சர் அக்கா? சேருடைய பக்கத்தில் இன்னும் கிடக்கிறது, கீழே போய்ப் பாருங்கள். எங்கள் குழுவில் மருந்தின் அளவு கேட்டால்கூட "கிளினிக்கில் கேள்" என்ற ஒரே பதில்தான் வரும். இலையும் கொட்டையும் கொண்டு வருகிறவர்கள் எப்போதும் நோய் இல்லாத ஆட்கள்தான்.

"குழுவில் கதைத்தால் ஆயுள் கூடுமா?" என்று இன்னொரு அறிவாளி. 1989இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல வைத்தியர், மார்புப் புற்றுநோய் பரவிய பெண்களைக் கூட்டி வைத்துப் பேசவிட்டு, கூடும் என்றார். 2001இல் கனடாவில் இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மனப்பாரமும் நோவும் குறைந்திருந்தன. எனக்கு அது போதும். நோவு குறைவது உங்களுக்குச் சின்ன விஷயமாகப் படுகிறது என்றால், நல்லது, உங்களுக்கு நோவு வந்ததில்லை.

ஆட்களைப் பயப்படுத்துகிறோமாம். பயம் எங்களுக்குக் குழுவில் வரவில்லை, ரிப்போர்ட்டைக் கையில் தந்த அன்று வந்தது.

சரி, கேட்கிறேன். நாங்கள் எங்களுக்குள் கதைக்கக் கூடாது என்றால் வேறு யாரிடம் கதைப்பது? நெஸ்டமோல்ட் பெட்டியும் ஆப்பிளும் கொண்டு வந்து, என் மகள் பக்கத்தில் நிற்கும்போதே "எத்தனையாவது ஸ்டேஜ்?" என்று கேட்டுவிட்டுப் போன சொந்தக்காரரிடமா? மருமகளின் சாமத்திய வீட்டில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆசையோடு போனேன். ஆலாத்தி எடுக்கப் பெயர் கூப்பிட்டபோது, "உங்களுக்குக் களைப்பாக இருக்கும் மச்சாள், நீங்கள் இருங்கள்" என்று தட்டை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். எனக்கு அன்று ஒரு களைப்பும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் நான். அங்கே இருந்த ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, சேரும் முன் வரிசையில்தான் இருந்தார். கான்சர் அக்காமாரைப் பற்றி எழுத அன்று அவருக்குத் தோன்றவில்லை.

கீமோவோடு தருகிற டெக்ஸாமெதசோன் என்ற மருந்து நித்திரையைத் துரத்திவிடும். வீடே குறட்டை விடும். அந்த நேரத்தில் ஃபோனைத் திறந்தால் கல்முனையில் ஒருத்தி, செங்கலடியில் ஒருத்தி முழித்திருப்பாள். "நீயும் படுக்கலியா?" அவ்வளவுதான் எழுதுவாள். அதையும் வைத்தியம் என்று சொல்லுங்கள், வழக்குப் போடுங்கள்.

இன்னொன்று. சேருடைய பதிவுக்கு இதயம் போட்டவர்களில் இரண்டு பேர், பெயர் சொல்ல மாட்டேன், அதே இரவு என் இன்பாக்ஸுக்கு வந்தார்கள். ஒருவருக்கு அம்மாவின் பயொப்சி ரிப்போர்ட். மற்றவர் தன் மார்பில் கட்டி ஒன்று தட்டுப்படுகிறது, எங்கே போய்க் காட்டுவது என்று கேட்டார். கிழமை, நேரம், எந்தக் கதவால் போக வேண்டும், எல்லாம் எழுதி அனுப்பிவிட்டுத்தான் இந்தப் பதிவைத் தொடங்கினேன்.

கொமெண்டில் கான்சருக்கு முள்ளு அன்னமுன்னா இலை அவிப்பது பற்றி எழுத வருகிறவர்களை புளொக் பண்ணுவேன். சேர் உட்பட.