பதினெட்டு நாளும் கூத்து இல்லை, தம்பி

"வடாற்காட்டுப் பாரத விழாவில் பதினெட்டு நாளும் விடிய விடிய கூத்து" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். திரௌபதி அம்மன் கோயிலில் மகாபாரதக் கதையைச் சொல்லியும் நடித்தும் நடத்துகிற விழா அது; ஆனால் நீங்கள் சொன்ன கணக்கு சரியில்லை. பகலில் நடப்பது பாரதப் பிரசங்கம். வில்லிபாரதப் பாட்டைப் பாடி, பிரசங்கியார் பொருள் சொல்வார். தெருக்கூத்து ராத்திரியில்தான், அதுவும் விழாவின் பிற்பகுதியில். எத்தனை ராத்திரி என்பது ஊருக்கு ஊர் மாறும். நான் வேலூரிலிருந்து பஸ் ஏறி ஜமா ஜமாவாக, அதாவது கூத்துக் குழு ஒவ்வொன்றாக, தேடிப்போய்ப் பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன், நாளைத் தப்பாக நம்பிப் போனால் வெறும் பந்தலைத்தான் பார்க்க முடியும்.

அப்புறம், துரியோதனன் சாகும் கட்டமான படுகளம் மேடையில் நடப்பதில்லை. கடைசி ராத்திரிக் கூத்து முடிந்து, வெளிச்சம் வந்தபிறகு திறந்தவெளியில் நடக்கும். மண்ணைக் குவித்துச் செய்த துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்கும். வேஷம் கலைக்காத பீமன், வியர்வையில் அரிதாரம் வழிய, அந்தத் தொடையில் அடிப்பான். அந்த நேரத்தில் கூட்டத்தில் பேச்சே இருக்காது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் வேலூர் மாவட்டம் என்று நீங்கள் எழுதியதும் தவறு. 1989 வரை பழைய வடாற்காடு, இப்போது திருவண்ணாமலை மாவட்டம்.