அடுக்குப் பூவில் மகரந்தம் ஏது?
'பூச்செடி எதை வைத்தாலும் தேனீ வரும்' என்று, வீட்டுத் தோட்டத்துக்குத் தேனீயை வரவைப்பது பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பது சரியில்லை. நர்சரியில் விற்கும் அடுக்குச் செம்பருத்தியைப் பிரித்துப் பாருங்கள்: மகரந்தத் தாள்களில் பெரும்பாலானவை இதழாக மாறியிருக்கும். அதே தொட்டியில் துளசி வைத்து, கதிரை முழுக்கக் கிள்ளாமல் பாதியைப் பூக்க விட்டால் கொம்புத்தேனீ, கொசுத்தேனீ இரண்டும் வரும். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் கத்தரிப் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டுகிறது என்கிறார். கடும் வெயிலிலும் கொட்டும்தான், ஆனால் மகரந்தம் சேராததும் காரணமாக இருக்கலாம். கத்தரியின் மகரந்தப்பை நுனியில் ஊசித்துளைதான் உண்டு. நீலப்பட்டைத் தேனீ பூவை இறுகப் பிடித்து 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவிட்டால் மஞ்சள் பொடி கொட்டும். தேன்பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீ கூடு வைப்பது மண்ணில். தோட்டம் முழுக்கத் தென்னை நாரால் மூடிவிட்டால் அது எங்கே போகும்? வெயில் படும் மூலையில் ஓரிரு அடி மண்ணை வெறுமையாக விடுங்கள், கொத்தவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். அது வரும்வரை காலையில் கத்தரிப் பூக்காம்பை விரலால் சுண்டிவிடலாம். வேப்பெண்ணெய் அடிப்பதென்றால் பொழுது சாய்ந்தபின் இலைக்கு மட்டும், பூவில் படக்கூடாது.