201வது மீட்டர்

நேற்று ஒரு கலியாண வீட்டிலும் அதே கதைதான். "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போதைவஸ்து ஏற்ற அரசாங்கமே இடம் கொடுத்திருந்ததாம், நல்ல காலம் மூடிவிட்டார்கள்" என்று ஒரு அண்ணர் சொல்ல, மேசையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னது, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், தாதியர் பார்த்துக்கொண்டிருக்க ஆட்கள் போதைவஸ்து ஏற்றிக்கொள்ளும் நிலையங்களைப் பற்றி. நான் வாய் திறக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த அண்ணரின் பயம் பொய் இல்லை. 2023 ஜூலையில் ரொறன்ரோ லெஸ்லிவில்லில் அப்படியொரு நிலையத்துக்கு வெளியே நடந்த துப்பாக்கிச் சூட்டில், வீதியால் நடந்துபோன இரண்டு பிள்ளைகளின் தாய் இறந்துபோனார். நிலையத்தில் வேலை செய்த ஒருவர் மீதே வழக்கு வந்தது. என் வீடு அந்தத் தெருவில் இருந்திருந்தால் நானும் மூடச் சொல்லித்தான் கத்தியிருப்பேன்.

அடுத்த வருடம் ஒன்ராறியோ அரசு சட்டம் கொண்டுவந்தது. பள்ளிக்கூடம், பிள்ளைப் பராமரிப்பு நிலையம் எதிலிருந்தும் 200 மீட்டருக்குள் இப்படி ஒரு நிலையம் இருக்கக் கூடாது, 2025 மார்ச் 31க்குள் மூட வேண்டும். சரி, தூரம்தான் பிரச்சினை என்றால் 201வது மீட்டரில் திறக்க விட்டிருக்கலாமே? விடவில்லை. புதிதாக எதற்கும் அனுமதி இல்லை என்று சுகாதார அமைச்சர் சில்வியா ஜோன்ஸ் சொல்லிவிட்டார், நகரசபை தானாக மத்திய அரசிடம் விண்ணப்பிக்கவும் வழி இல்லை. அப்போ பிள்ளைகள் வெறும் சாட்டுத்தானே.

உள்ளே போதைவஸ்து கொடுக்கிறார்கள் என்றுதான் எங்கள் சனத்தில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அதை வருகிறவரே கொண்டுவர வேண்டும். அங்கே கிடைப்பது சுத்தமான ஊசி, ஒரு மேசை, பார்த்துக்கொண்டிருக்க ஒரு தாதி. மூச்சுக் குறைந்தால் ஒட்சிசன், தேவைப்பட்டால் நலொக்சோன் (அளவு மீறிய போதையை முறிக்கும் மருந்து), அவ்வளவுதான். வன்கூவரில் 2003இல் திறந்த இன்சைட் என்ற இதே மாதிரி நிலையத்தை அப்போதைய மத்திய அரசு மூடப் பார்த்தபோது, 2011இல் கனடா உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தடுத்தார்கள். அது உயிர்களைக் காத்திருக்கிறது, அதனால் சுற்றுவட்டாரத்தில் குற்றம் கூடவில்லை என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

மூடியவற்றில் பெரும்பாலானவை இப்போது சிகிச்சை மையங்கள். நல்லது, வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அங்கே ஊசி போட முடியாது, பழைய ஊசிக்குப் பதிலாகச் சுத்தமான ஊசியும் கொடுப்பதில்லை. இன்றைக்கே விட முடியாதவன் இன்றைக்கு எங்கே போவான்?

எங்கே போவான் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் நான் ஒரு கோப்பிக் கடையில் இரவு வேலை. கழிவறை அரை மணித்தியாலமாகப் பூட்டியிருக்கிறது, தட்டினால் சத்தமில்லை. திறந்தால் இருபது இருபத்திரண்டு வயதுப் பெடியன், சுவரில் சாய்ந்தபடி, உதடு நாவல்பழ நிறம். தொண்டைக்குள் குறட்டை மாதிரி ஒரு சத்தம். நான் அவன் தூங்குகிறான் என்று நினைத்தேன். கோப்பி வாங்க வந்த ஒரு பெண்தான் கைப்பையிலிருந்து நலொக்சோனை எடுத்து மூக்கில் அடித்தா. அசைவில்லை. இரண்டாவதையும் அடித்த பிறகுதான் இருமினான். அம்புலன்ஸ் வரும்வரை அவனுடைய சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், என் தம்பியிடமும் அதே மாதிரி ஒன்று இருந்தது.

இப்போது என் காரில் எப்போதும் ஒரு நலொக்சோன் பெட்டி இருக்கும். ஒன்ராறியோவில் அநேகமான மருந்துக்கடைகளில் இலவசம், எப்படி அடிப்பது என்றும் காட்டித் தருவார்கள். வாங்கி வையுங்கள், காலாவதித் திகதியைப் பார்த்து மாற்றுங்கள். முடிந்தால் அடுத்த கலியாணத்தில் அந்த அண்ணருக்கும் ஒன்று கொடுக்கப் போகிறேன், பேசுவாரோ தெரியாது.