யுபிஆர்: அரசு அறிக்கை மட்டுமல்ல

ஐ.நா.வின் யுபிஆர், அதாவது ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் மற்ற நாடுகள் அலசும் உலகளாவிய காலமுறை மீளாய்வில், அரசு கொடுக்கும் அறிக்கையை மட்டுமே படிப்பார்கள், ஐ.நா. ஆலோசனைத் தகுதி (தன்னார்வ அமைப்புகள் ஐ.நா. கூட்டங்களில் பங்கேற்கத் தரப்படும் அங்கீகாரம்) இல்லாத சின்ன அமைப்புகள் எழுதியே பயனில்லை என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லைங்க.

ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று ஆவணங்கள் முன்வைக்கப்படும்: அரசின் அறிக்கை, ஐ.நா. அமைப்புகளின் தகவல் தொகுப்பு, குடிமைச் சமூகத்தினர் (தன்னார்வ அமைப்புகள் போன்றோர்) உள்ளிட்டோர் அனுப்பியதன் சுருக்கம். ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2007இல் நிறைவேற்றிய 5/1 தீர்மானத்தின் 15ஆம் பத்தியிலேயே இது இருக்கிறது. அரசு தன் அறிக்கையை விரிவான கலந்தாலோசனை நடத்தித் தயாரிக்க வேண்டும் என்று ஊக்குவிப்பதும் அதே பத்திதான். (எந்த அளவுக்கு நடத்துகிறார்கள் என்பது தனிக் கதை.)

எழுத்து மூலம் அனுப்ப ஆலோசனைத் தகுதி தேவையில்லை. தனி அமைப்பு என்றால் 2,815 சொற்கள், கூட்டறிக்கை என்றால் 5,630 சொற்கள் வரம்பு. பேரவையில் மீளாய்வின் முடிவறிக்கை ஏற்கப்படும்போது எழுந்து பேசத்தான் அந்தத் தகுதி வேண்டும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்க்க: ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத் தளத்தில் யுபிஆர் பக்கத்துக்குப் போய், இந்தியாவின் நவம்பர் 2022 மீளாய்வைத் திறங்கள். 3 என்று முடியும் ஆவணத்தின் குறிப்புகளில் தகவல் அனுப்பிய அமைப்புகளின் பெயர்கள் இருக்கும்.