தாட்சண்யம் பார்க்கிற பயணி

அயல்நாட்டுப் பெருநகரம் ஒன்றுக்கு முதன்முறையாகப் புறப்படுகிறவரிடம் எல்லோரும் தவறாமல் சொல்வது, இருட்டிய பிறகு தனியே வெளியில் போகாதீர்கள் என்பதுதான். அது தவறான அறிவுரை அன்று. ஆனால் சுற்றுலாப் பயணிகள் பணத்தையும் கைப்பேசியையும் பெரும்பாலும் பறிகொடுப்பது ஆளரவமற்ற சந்துகளில் அல்ல. பட்டப்பகலில், புகழ்பெற்ற இடங்களில், கூட்டத்தின் நடுவே நிற்கும்போதுதான். 2013 ஏப்ரலில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் ஒரு நாள் மூடிக் கிடந்ததற்குக் காரணம், ஜேப்படிக் கும்பல்களின் தொல்லை தாங்காமல் அங்குள்ள ஊழியர்களே வேலையை நிறுத்தியதுதான். 2015 மே மாதத்தில் ஈபெல் கோபுரத்து ஊழியர்களும் அதே காரணத்துக்காக வேலையை நிறுத்தினார்கள்.

ஜேப்படிக்காரர்கள், ஏமாற்றுக்காரர்களின் முதலீடு விரல்களின் வேகம் மட்டுமன்று, நம்முடைய தாட்சண்யமும்தான் என்பது என் கருத்து. பாரிஸில் சாக்ரே கேர் தேவாலயத்துப் படிகளின் அடியில் ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டே நம் மணிக்கட்டில் வண்ண நூலைக் கட்டி முடித்துவிட்டுப் பிறகு பணம் கேட்பார். பாங்காக் அரண்மனைக்கு அருகே கண்ணியமாக உடுத்திய ஒருவர், இன்று அரண்மனை மூடியிருக்கிறது என்று வருத்தத்துடன் தெரிவித்து, நம்மை டுக்டுக் என்னும் மூன்று சக்கர ஆட்டோவில் ஏற்றி ரத்தினக் கடைக்கு அனுப்பிவைப்பார். அரண்மனையோ திறந்தேதான் இருக்கும். ஷாங்காயில் ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் மாணவர்களாக அறிமுகமாகிறவர்கள் தேநீர் விடுதிக்கு அழைத்துச் செல்வார்கள். இறுதியில் வரும் ரசீதைப் பார்த்த பிறகுதான் அந்த நட்பின் விலை புரியும். தொடக்கத்தில் இவற்றில் எதிலும் கத்தியும் இல்லை, மிரட்டலும் இல்லை. முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதற்குத் தயங்கும் நம் மனமே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

நானும் இதற்கு விலக்கல்லன். ஒரு நகரின் ரயில் நிலைய வாசலில், ஏதோ ஒரு நற்பணிக்கான மனு என்று சொல்லி ஓர் இளம்பெண் நீட்டிய அட்டையில் கையெழுத்திடக் குனிந்தேன். அந்த அட்டை என் தோள்பையை மறைத்தபடி இருந்ததும், அவருடைய தோழி மிக நெருங்கி நின்றதும் எனக்கு அப்போதே உறுத்தின. விலகி நின்றால் அவர்கள் மனம் புண்படுமே என்று எண்ணி நின்றேன். விடுதிக்குத் திரும்பிப் பார்த்தால் பையின் ஜிப் பாதி திறந்திருந்தது, பணப்பையைக் காணவில்லை.

அதன் பிறகு ஓர் எளிய அளவுகோலைக் கடைப்பிடிக்கிறேன். கூட்டத்தில் நானாகத் தேர்ந்து வழி கேட்கும் மனிதர் ஏமாற்றுக்காரராக இருப்பது அரிது. கூட்டத்திலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்து வருகிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். லண்டன் தெருவில் கைகாட்டி ஏற உரிமம் பெற்றவை கறுப்பு டாக்சிகள் மட்டுமே. மற்ற வாடகைக் கார்களை முன்பதிவு செய்தே ஏற வேண்டும். ஆகவே அங்கே நள்ளிரவில் கதவைத் திறந்துவைத்து வலிய அழைக்கும் காரை மறுப்பது மரியாதைக் குறைவாகாது. போலி நோட்டுச் சோதனை என்று சொல்லிப் பணப்பையைக் கேட்கும் சீருடையற்ற 'காவலரிடம்', நிலையத்துக்கே வந்து காட்டுகிறேன் என்று தயங்காமல் சொல்லலாம்.

பறிகொடுத்த பின்னும் இந்தக் கூச்சம் விடுவதில்லை. ஏமாந்ததை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுப் பலர் புகார் அளிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். காவல்துறையின் புகார்ச் சான்று இல்லையென்றால் காப்பீட்டுத் தொகை கிடைப்பது பெரும்பாலும் கடினம். டோக்கியோவில் தெருமுனைகளில் 'கோபான்' என்னும் சிறு காவல் சாவடிகள் உண்டு. யாரும் நேரே உள்ளே போய்ப் பேசலாம். ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, ஜப்பானில் காவலுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. கைப்பேசியில் சேமித்த எண், அந்தக் கைப்பேசியே களவு போன பிறகு உதவாது என்பதால், இவற்றோடு தூதரகத்தின் எண்ணையும், வங்கி அட்டையை முடக்க அழைக்கும் எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்கிறேன். உடன் வரும் இளையவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்; சிரிக்கட்டும்.