பாட்டோடு பேரையும் அனுப்புங்கள்

வாட்ஸாப் குழுக்களில் "அரிய பாடல், தவறவிடாதீர்கள்" என்று வந்து விழும் பாட்டுகள் மேல் எனக்கு ஒரே ஒரு புகார். பாட்டு நன்றாகத்தான் இருக்கும். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு வரிகூட இருக்காது. பின்னணியில் சூரியன் மறையும் படம் மட்டும் தவறாமல் இருக்கும். கேட்டால், "பாட்டைக் கேளுங்கண்ணே, பேர் எதுக்கு?" என்கிறார்கள்.

எதுக்கு என்று சொல்கிறேன்.

1994ல் கம்போடியாவுக்குச் சுற்றுலா போன ஓர் அமெரிக்கர் சியம் ரீப்பில் கொஞ்சம் கேசட் வாங்கினார். அதிலிருந்து பொறுக்கிய பாட்டுகள் 1996ல் நியூயார்க்கில் 'கம்போடியன் ராக்ஸ்' என்ற தொகுப்பாக வந்தன. எலெக்ட்ரிக் கித்தார், ஆர்கன், அவற்றின் மேல் வளைந்து வளைந்து போகும் கெமர் குரல். கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் அந்த உறையில் பாடகர் பெயரும் இல்லை, பாட்டின் தலைப்பும் இல்லை. பாடியவர்கள் யாரோ எவரோ அல்ல. சின் சிசாமுத், ரோஸ் செரே சொத்தியா, பான் ரோன் என்று கம்போடியாவில் எல்லா வீட்டுக்கும் தெரிந்தவர்கள். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகர் நொம்பென்னைப் பிடித்து, மக்களைக் கொன்று குவித்த காலத்தில் காணாமல் போனவர்கள். எப்படி இறந்தார்கள் என்பதற்கே இன்றுவரை ஆளுக்கொரு கதைதான் இருக்கிறது. ஆளை அழித்தபின் மிஞ்சியது குரல் ஒன்றுதான். அதையும் பேர் இல்லாமல் கடையில் வைத்தால் என்ன அர்த்தம்? அப்புறம் கேட்டவர்களே இணையத்தில் கூடி, ஒவ்வொரு பாட்டாக அடையாளம் சொல்லிப் பட்டியல் போட்டார்கள். நான் மதிக்கும் பகிர்வு அதுதான்.

நம் சிங்கப்பூர்ப் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. அறுபதுகளில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மலாய் இளையர்கள் கித்தாரைத் தூக்கிக்கொண்டு 'பொப் யே யே' என்ற ராக் பாட்டு வகையில் ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஜெஃப்ரிடினும் சிக்லாப் ஃபைவ் குழுவும், ஏ. ராம்லி, எம். ஒஸ்மான்... சிங்கப்பூரின் சிக்லாப் வட்டாரத்தில் குடியிருக்கும் எத்தனை பேருக்கு அந்தப் பேரில் ஒரு பேண்டு இருந்தது தெரியும்? 1964 முதல் 1970 வரையிலான அந்தப் பாட்டுகளை 2014ல் ஓர் அமெரிக்க நிறுவனம் தொகுப்பாகப் போட்டது. இதில் பேர் இருந்தது, படம் இருந்தது, யார் எந்த ஊர் என்ற குறிப்பும் இருந்தது. வேலை பார்த்துத்தான் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்து இசைத்தட்டுகள் சுங்கை ரோட்டில், திருட்டுச் சந்தை என்று பேர் வாங்கிய பழம்பொருள் சந்தையில் தரையில் பரப்பிக் கிடக்கும். பேரம் பேசி வாங்கலாம். 2017 ஜூலையில் சந்தையையே மூடிவிட்டார்கள். அந்த வருத்தத்தை எழுத ஆரம்பித்தால் இன்று முடியாது.

பேர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹைலு மெர்கியா. எத்தியோப்பியாவின் வாலியாஸ் பேண்டில் கீபோர்டு வாசித்தவர். 1981ல் அமெரிக்காவுக்குக் கச்சேரி செய்யப் போய், வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். 1985ல் அக்கார்டியனும் சின்தசைசரும் வைத்துத் தனியாக ஒரு கேசட் போட்டார். பிறகு டாக்சி ஓட்டினார். விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும்போது காரில் வைத்திருக்கும் கீபோர்டை எடுத்துப் பின் சீட்டில் உட்கார்ந்து வாசித்துக்கொள்வாராம். 'ஆவ்சம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா' என்று 2006 முதல் இணையத்தில் ஆப்பிரிக்கக் கேசட்டுகளைப் பகிர்ந்துவந்த பிரையன் ஷிம்கோவிட்ஸ், எத்தியோப்பியாவில் ஒரு கடையில் அந்தக் கேசட்டை வாங்கினார். உறையில் இருந்த பேரை வைத்து ஆளைத் தேடிப் பிடித்துவிட்டார். 2013ல் மறுபதிப்பு வந்தது, லாபத்தில் பாதி கலைஞருக்கு. மெர்கியா மறுபடி மேடை ஏறினார், 2018ல் புது ஆல்பமும் போட்டார்.

அனுமதி இல்லாமல் பகிரலாமா என்று சிலர் கேட்பார்கள். கடையில் கிடைக்கிற பாட்டு என்றால் கடையைக் காட்டுங்கள். எங்குமே கிடைக்காததைப் போடுவதில் எனக்குப் பெரிய குற்ற உணர்ச்சி இல்லை. ஆனால் உரியவர் வந்து "இது என்னுடையது" என்று சொல்ல ஒரு வழி வேண்டும். பேரே இல்லாவிட்டால் அவருடைய பேத்தி எதைத் தட்டித் தேடுவாள்?

இன்னொன்று. எண்பதுகளில் ஜெர்மனியில் ஒரு பையன் வானொலியிலிருந்து பாட்டுகளைக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தான். பாட்டு மட்டும் சுத்தமாக வேண்டும் என்று அறிவிப்பாளர் பேச்சை வெட்டிவிடுவான். விளைவு, அதில் ஒரு பாட்டு யாருடையது என்றே தெரியாமல் போயிற்று. 2007ல் அதன் ஒரு துண்டு இணையத்துக்கு வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, 2024 நவம்பரில்தான் கீல் நகரத்து 'ஃபெக்ஸ்' என்ற குழு என்று தெரிந்தது. பதினேழு வருஷத் தேடல். அறிவிப்பாளர் சொல்லியிருக்கக்கூடியது அஞ்சு வினாடி.

நம் ஆட்கள் செய்வதும் அதே வெட்டுதான். பழைய சிங்கப்பூர்த் தமிழ் வானொலிப் பதிவு, கோயில் திருவிழாக் கச்சேரி, கல்யாண ரெஜிஸ்ட்ரேஷன் விருந்தில் வாசித்த உள்ளூர் இசைக்குழு என்று வீட்டு அலமாரியில் கிடப்பதை இப்போது பலர் கணினிக்கு மாற்றுகிறார்கள். ரொம்ப சந்தோஷம். மாற்றும்போது முதலில் கத்தரிப்பது, "அடுத்து பாடவிருப்பவர்..." என்று மைக்கில் ஒருவர் இழுத்து இழுத்துப் பேசுவதை. ஐயா, தங்கமே அதில்தான் இருக்கிறது! பாடகர், தபேலாக்காரர், யார் வீட்டு விசேஷம், எந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், எல்லாவற்றையும் அவர்தான் சொல்கிறார். இளையராஜா பாட்டை இங்கே மேடையில் பாடிய அந்தக் குரலைப் பற்றிய ஒரே சாட்சி சில சமயம் அந்த அறிவிப்பு மட்டும்தான்.

அதனால் கேசட்டின் ஒரு பக்கம் முழுவதையும் வெட்டாமல் அப்படியே பதியுங்கள், இருமல் உட்பட. கேசட் அட்டையில் பேனாவால் எழுதியிருப்பதையும் படம் எடுத்துச் சேர்த்துப் போடுங்கள். குரல் யாருடையது என்று தெரியவில்லையா, வீட்டில் பெரியவர்களிடம் இந்த வாரமே போட்டுக் காட்டுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் ஆர்வத்தில் பிளேயரில் போட்டு ஓட்டிவிடாதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டு கிழியும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடுங்கள்.